ஆமோ 1729இல் எழுதியதை நாம் இன்று எழுதக் கூடாதா?

பாகூரை நெற்களஞ்சியம் என்று எல்லோருக்கும் தெரியும். இதே பாகூரில் 9ஆம் நூற்றாண்டில் ஒரு கல்லூரி இருந்தது என்பது நம் பிள்ளைகளில் பலருக்குத் தெரியாது. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 8ஆம் ஆட்சியாண்டில் வெட்டப்பட்ட பாகூர்ச் செப்பேடு, இங்கிருந்த வித்தியாஸ்தானத்துக்கு மூன்று ஊர்கள் தானமாக விடப்பட்டதைச் சொல்கிறது. அது வேதம் கற்ற பிராமணர்களுக்கான கல்விச்சாலை. மூன்று ஊர்களின் விளைச்சலும் வரியும் அவர்கள் படிப்புக்குப் போயின. அந்த வயல்களில் சேற்றில் இறங்கியவர்கள் யார், அவர்கள் பிள்ளைகள் என்ன படித்தார்கள் என்பதைச் செப்பேடு சொல்லவில்லை. அது அதன் வேலையும் இல்லை.

இந்தச் செப்பேட்டைப் படித்து 'எபிகிராபியா இந்திகா' இதழில் பதிப்பித்தவர்களில் ஒருவர் ஓய்கன் ஹுல்ச் என்ற ஜெர்மானியர். சென்னை அரசின் கல்வெட்டாளராக 1886 முதல் பணிபுரிந்தவர். தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதி வரிசையைத் தொடங்கியவர். 1903இல் ஊர் திரும்பி, ஹாலே பல்கலைக்கழகத்தில் சமஸ்கிருதப் பேராசிரியரானார். நம் ஏரிக்கரை ஊரின் வரலாற்றை அங்கே உட்கார்ந்து ஒருவர் வாசித்தார். அந்த ஏரித் தண்ணீரில் நாற்று நட்டவர்களின் வழிவந்தவர்களுக்கு அது வந்து சேர இன்னும் பல காலம் ஆனது.

நான் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் உள்ள காலனிகளில் பத்து ஆண்டுகளுக்கு மேலாக வேலை செய்கிறேன். மாலை நேரப் படிப்பு மையங்களுக்கு வரும் பிள்ளைகள் முன்பெல்லாம் போலீஸ் வேலை, நர்சிங், அரசுத் தேர்வு பற்றித்தான் கேட்பார்கள். இப்போது, "அக்கா, ஜெர்மனியில பீஸ் இல்லாம படிக்கலாமாமே?" என்று கேட்கிறார்கள். நகரத்தில் இதற்கென்றே ஏஜென்டுகள் கடை விரித்திருக்கிறார்கள். விளம்பரத் தாளில் கோட்டை மாதிரி ஒரு கட்டடமும், சிரிக்கிற முகங்களும் இருக்கும். அந்தக் கட்டடத்துக்கு என்ன வரலாறு, அதற்குள் யார் நுழைந்தார்கள், யாரை நிறுத்தி வைத்தார்கள் என்று அதில் இருக்காது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. நமக்கு மிகப் பழைய தொடர்புள்ள ஹாலேயையே எடுத்துக்கொள்கிறேன்.

ஹாலே, ஜெர்மனியின் கிழக்குப் பகுதியில் சாலே ஆற்றங்கரையில் உள்ள நகரம். உப்புக் காய்ச்சி வளர்ந்த ஊர். அங்கே 1694இல் பிராண்டன்பர்க் ஆட்சியாளர் மூன்றாம் ஃபிரெடரிக் ஒரு பல்கலைக்கழகம் தொடங்கினார். அதற்கு அடித்தளம் போட்டவர்களில் முக்கியமானவர் கிறிஸ்டியான் தொமாசியஸ் என்ற சட்ட அறிஞர். இவர் லைப்சிக் நகரில் இருந்தபோது 1687இல் ஒரு காரியம் செய்தார். தன் வகுப்பை ஜெர்மன் மொழியில் நடத்தப் போவதாக அறிவித்தார். அன்று பல்கலைக்கழகம் என்றால் லத்தீன்தான். மக்கள் பேசும் மொழியில் அறிவு பேசுவது மரியாதைக் குறைவு. நம் ஊரில் சமஸ்கிருதத்துக்கு இருந்த இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள், புரிந்துவிடும். அங்கே அவருக்கு எதிர்ப்பு வலுத்தது. ஹாலேக்கு வந்து சேர்ந்தார். பெண்களைச் சூனியக்காரிகள் என்று பிடித்து எரித்த வழக்குகளுக்கு எதிராக 1701இல் அவர் பெயரில் இங்கே ஓர் ஆய்வுரை வந்தது.

இந்தப் பல்கலைக்கழகத்தின் பலம் எது என்று கேட்டால், ஓர் ஆசிரியர் பழைய நூலை ஒப்பிக்கும் இடமாக மட்டும் இல்லாமல், கேள்வி கேட்டு வாதாடும் இடமாகவும் தன்னைக் கருதியது என்பேன். மாணவர் ஒரு கருத்தை எழுதி, சபை நடுவே நின்று, எதிர்ப்பவர்களுக்குப் பதில் சொல்லி நிலைநாட்ட வேண்டும். பொருளாதார நிர்வாகத்தை ஒரு தனிப் பாடமாக்கி 1727இல் இங்கே ஒரு பேராசிரியர் பதவி உண்டாக்கினார்கள். அதுவரை நாடு நடத்துவது அரண்மனை ரகசியம். அதையும் வகுப்பறைக்குக் கொண்டுவந்தார்கள்.

ஆனால் இதை ஒரு சொர்க்கம் என்று நினைத்துவிடாதீர்கள். கிறிஸ்டியான் வோல்ஃப் என்ற தத்துவப் பேராசிரியர் 1721இல் ஓர் உரை நிகழ்த்தினார். சீனத்துக் கன்பூசியஸைப் பின்பற்றுபவர்கள் பைபிள் இல்லாமலேயே நல்லொழுக்கத்தை அடைந்திருக்கிறார்கள் என்பது அதன் சாரம். அதே பல்கலைக்கழகத்தின் இறையியல் பேராசிரியர்கள் கொதித்துப்போனார்கள். அரசரிடம் முறையிட்டார்கள். 1723 நவம்பரில், 48 மணி நேரத்துக்குள் நாட்டை விட்டுப் போகாவிட்டால் தூக்கு என்று அரச உத்தரவு வந்தது. அடுத்த அரசர் வந்து 1740இல்தான் அவரைத் திரும்ப அழைத்தார். பல்கலைக்கழகத்துக்குள் எப்போதும் இரண்டு கட்சி உண்டு. ஒன்று கதவைத் திறக்கும், ஒன்று சாத்தும். ஐரோப்பாவிலும் அப்படித்தான், இங்கேயும் அப்படித்தான்.

வோல்ஃபை எதிர்த்தவர்களில் ஒருவர் ஆகஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே. இந்தப் பெயர் நமக்கு முக்கியம். ஏழைப் பிள்ளைகளுக்கும் அனாதைகளுக்கும் ஹாலேயில் பெரிய பள்ளிக்கூடங்களை உண்டாக்கியவர் இவர். இவருடைய ஹாலேயில் கொஞ்ச காலம் படித்தவர்தான் சீகன்பால்கு. டென்மார்க் அரசர் அனுப்பிய கப்பலில், புளூட்சாவ் என்பவரோடு, 1706 ஜூலை 9ஆம் தேதி தரங்கம்பாடியில் இறங்கினார். நம் காரைக்காலுக்கு மிக அருகில் உள்ள ஊர் அது.

சீகன்பால்கு தமிழ் கற்றார், ஓலைச்சுவடிகள் சேர்த்தார், அச்சுக்கூடம் வைத்தார். தமிழில் புதிய ஏற்பாடு 1715இல் தரங்கம்பாடியில் அச்சானது. அதற்கான முதல் தமிழ் எழுத்துகளை ஹாலேயில்தான் வார்த்து அனுப்பினார்கள். 1714இல் அவர் ஐரோப்பா திரும்பியபோது மலையப்பன் என்ற தமிழ் இளைஞர் கூடப் போனார். சீகன்பால்கு எழுதிய தமிழ் இலக்கணம் லத்தீனில் 1716இல் ஹாலேயில் அச்சானது. ஒரு தமிழர் 300 ஆண்டுகளுக்கு முன்பே அந்த ஊர்த் தெருக்களில் நடந்திருக்கிறார். ஆனால் நூலின் மேல் இருப்பது யார் பெயர் என்று உங்களுக்கே தெரியும். தமிழ்ச் சுவடிகள் இன்றும் ஹாலேயில் ஃபிராங்கே நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

சீகன்பால்கு நம் மக்களின் தெய்வங்களைப் பற்றியும் ஒரு பெரிய நூல் எழுதி 1713இல் ஹாலேக்கு அனுப்பினார். ஐயனார், மாரி, பிடாரி என்று கிராம தெய்வங்கள் எல்லாம் அதில் உண்டு. ஃபிராங்கேக்குப் பிடிக்கவில்லை. சமயம் பரப்பத்தான் உன்னை அனுப்பினோம், அவர்கள் கதைகளைப் பரப்ப அல்ல என்பது அவர் நிலை. நூல் கிடப்பில் போடப்பட்டது. 1867இல் சென்னையில்தான் அச்சேறியது. 150 ஆண்டுகளுக்கு மேல் ஒரு நூலைப் பெட்டியில் வைத்திருக்க ஒரு நிறுவனத்தால் முடியும். எதை ஆராயலாம், எதை ஆராயக் கூடாது என்று பணம் கொடுப்பவர் முடிவு செய்தால் இதுதான் நடக்கும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

தரங்கம்பாடி மிஷன் பறையர் சமூகத்தவரையும் வெள்ளாளரையும் சபையில் சேர்த்தது. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தியது. ஆனால் தேவாலயத்துக்குள் உட்காரும் இடம் தனித்தனி. இந்த மிஷனில் ராஜநாயக்கன் என்றொருவர் இருந்தார். பறையர் குலத்தில் பிறந்தவர், தஞ்சை மன்னரின் படையில் பணிபுரிந்தவர். தரங்கம்பாடியில் அச்சான தமிழ் வேதத்தைத் தானே படித்து, கேள்வி எழுப்பி, சபையைத் தேடி வந்தவர். உபதேசியாராகி, தஞ்சைப் பகுதியில் அடியும் மிரட்டலும் தாங்கி வேலை செய்தவர். 1733இல் ஆரோன் என்ற வெள்ளாளருக்குக் குருப்பட்டம் கொடுத்தார்கள். அடுத்து யாருக்கு என்ற பேச்சு வந்தபோது ராஜநாயக்கன் பெயரும் எழுந்தது. அவர் தகுதியைப் பற்றி மிஷனரிகளுக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் பறையர் கையால் நற்கருணை வாங்கமாட்டோம் என்பதுதான் சாதிக் கிறித்தவர்களின் நிலை. சபை உடையும் என்று மிஷனரிகள் பயந்தார்கள். 1741இல் பட்டம் தியோகு என்பவருக்குப் போனது. ராஜநாயக்கன் கடைசிவரை உபதேசியாராகவே இருந்தார்.

தகுதி இல்லை என்று சொல்லி அவரை நிறுத்தவில்லை, கவனியுங்கள். தகுதி இருந்தது. அடுத்தவர்கள் ஏற்கமாட்டார்கள் என்ற காரணம் போதுமானதாக இருந்தது. இன்றைக்கும் நேர்காணல் அறைகளில் இதே காரணம் வேறு வார்த்தைகளில் வருகிறது. 'சூழலுக்குப் பொருந்தமாட்டார்' என்பார்கள்.

இப்போது மறுபக்கம். ராஜநாயக்கன் தஞ்சையில் அலைந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், ஹாலேயில் ஒரு கறுப்பின மாணவர் படித்துக்கொண்டிருந்தார். அன்டன் வில்ஹெல்ம் ஆமோ. இன்றைய கானா நாட்டின் ஆக்சிம் பகுதியில் 1703 வாக்கில் பிறந்தவர். சிறு பிள்ளையாக இருக்கும்போதே டச்சு மேற்கிந்தியக் கம்பெனி அவரை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனது. ஒரு ஜெர்மன் பிரபுவுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார்கள். மனிதப் பிள்ளை, அன்பளிப்பு! அந்தக் குடும்பம் அவரைப் படிக்க வைத்தது. 1727இல் ஹாலேயில் சேர்ந்தார், சட்டம் படித்தார். 1729இல் சபை நடுவே நின்று தன் முதல் ஆய்வுரையை வாதாடினார். அதன் தலைப்பு, ஐரோப்பாவில் கறுப்பின மக்களின் உரிமை பற்றியது.

அந்த உரையின் மூலம் நமக்குக் கிடைக்கவில்லை. அந்த ஊர் வார இதழில் வந்த சுருக்கம்தான் இருக்கிறது. பழைய ரோமானியச் சட்டத்தின் அடிப்படையில், கிறித்தவர்களால் விலைக்கு வாங்கப்பட்ட கறுப்பின மக்களின் அடிமை நிலை சட்டப்படி எவ்வளவு தூரம் செல்லும் என்று அவர் கேட்டார். அடுத்து விட்டன்பர்க் பல்கலைக்கழகத்தில் தத்துவம் எழுதினார். 1736 முதல் ஹாலேயிலும், 1739 முதல் ஜேனாவிலும் பாடம் நடத்தினார். 1747 வாக்கில் ஊர் திரும்பிவிட்டார். அவருக்கு அங்கே அவமானங்கள் இல்லாமல் இல்லை. ஆனாலும் 18ஆம் நூற்றாண்டில் ஒரு கறுப்பினத்தவர் ஐரோப்பியப் பல்கலைக்கழக மேடையில் நின்று வெள்ளைக்கார மாணவர்களுக்குத் தத்துவம் சொல்லிக்கொடுத்தார்.

அதே ஹாலேயில் 1754இல் டொரத்தேயா எர்க்ஸ்லேபென் என்ற பெண் மருத்துவத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். ஜெர்மனியில் அப்படிப் பட்டம் பெற்ற முதல் பெண் அவர்தான். பெண்களை ஏன் படிக்கவிடாமல் வைத்திருக்கிறார்கள் என்று 1742இலேயே ஒரு நூல் எழுதியவர். ஆனால் அவருக்குப் பின்னால் கதவு மறுபடி சாத்திக்கொண்டது. பிரஷ்யாவில் பெண்கள் மற்றவர்களைப் போலப் பல்கலைக்கழகத்தில் சேரும் உரிமை 1908இல்தான் வந்தது. ஒருவர் நுழைந்துவிட்டார் என்பதால் கதவு திறந்துவிட்டது என்று பொருள் இல்லை. தனி மனிதர் சாதனையைக் காட்டி நம்மைச் சமாதானப்படுத்த வருபவர்களிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்: 1754 முதல் 1908 வரை 154 ஆண்டுகள்.

ஆமோவிடம் எனக்குப் பிடித்தது அவர் எடுத்துக்கொண்ட தலைப்பு. முதல் வாய்ப்பிலேயே தன் மக்களின் நிலையைக் கேள்வியாக்கினார். இது எனக்குச் சொந்த விஷயமும்கூட. நான் சமூகவியலில் முதுகலை படித்தேன். மார்க்ஸ், வேபர், துர்க்கைம் என்று பரீட்சைக்கு எழுதினோம். வேபர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை, ஆனால் சாதியைப் பற்றி அவர் எழுதியது பாடம். தேர்வுக் கட்டுரைக்கு என் காலனியின் சுடுகாட்டுப் பாதையைத் தலைப்பாகக் கொண்டுபோனேன். மழைக்காலத்தில் பிணத்தைத் தூக்கிக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில், ஊராரின் வயல் வரப்பில் நடக்கிறோமே, அந்தப் பாதை எப்படி உண்டானது, யார் நிலம், எந்த ஆண்டிலிருந்து இந்தச் சண்டை என்று எழுத நினைத்தேன். "சொந்த ஊர், சொந்த சாதி. புறவயமா எழுத முடியாதும்மா. வேற தலைப்பு பாரு" என்று சொன்னார்கள். அதே வகுப்பில் வேறொரு மாணவர் தன் சொந்த ஊர்க் கோயில் திருவிழாவைப் பற்றி எழுதினார். அதற்கு யாரும் புறவயம் கேட்கவில்லை. நான் சுயஉதவிக் குழுக்கள் பற்றி எழுதி பட்டம் வாங்கினேன். சுடுகாட்டுப் பாதையைப் பற்றி அப்புறம் மனுவாகத்தான் எழுதினேன், ஆய்வாக எழுதவில்லை.

இது என் ஒருத்தியின் கதையாக இருந்தால் விட்டுவிடலாம். இது அரசாங்க விதியாகவே வந்துவிட்டது.

பட்டியல் சாதி மாணவர்கள் வெளிநாட்டில் முதுகலையும் ஆய்வும் படிக்க ஒன்றிய சமூக நீதி அமைச்சகம் தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகை தருகிறது. ஆண்டுக்கு 125 இடம். அதில் 115 பட்டியல் சாதியினருக்கு. மீதி சீர்மரபினருக்கும், நிலமற்ற விவசாயக் கூலிகள், கைவினைஞர் குடும்பங்களுக்கும். நாடு முழுவதற்கும் இவ்வளவுதான். 2022இல் இதன் விதிமுறையில் ஒரு வரி சேர்த்தார்கள். இந்தியப் பண்பாடு, பாரம்பரியம், வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுத் தலைப்புகளுக்கு இந்த உதவித்தொகை கிடையாது. இந்தியாவைப் பற்றி ஆராய இந்தியாவிலேயே வசதி இருக்கிறது என்று காரணம் சொன்னார்கள். மாணவர் அமைப்புகளும் ஆய்வாளர்களும் எதிர்த்தார்கள்.

நிதானமாக யோசித்துப் பாருங்கள். ஒரு தலித் மாணவர் அரசுப் பணத்தில் வெளிநாடு போய்ப் பொறியியல் படிக்கலாம், மேலாண்மை படிக்கலாம். சாதியைப் பற்றிப் படிக்கக் கூடாது. அண்ணல் அம்பேத்கர் பரோடா அரசரின் உதவித்தொகையில் 1913இல் கொலம்பியா போனார். 1915இல் முதுகலைக்கு அவர் எழுதியது பண்டைய இந்திய வாணிபம் பற்றி. 1916 மே மாதம் மானுடவியல் கருத்தரங்கில் படித்தது 'இந்தியாவில் சாதிகள்'. பிறகு லண்டனில் படிக்கும்போது, 1921இல் ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்திலும் பதிவு செய்துகொண்டார். அங்கே அவர் நெடுநாள் இருக்கவில்லை. ஆனால் ஐரோப்பியர்கள் சமஸ்கிருதத்தையும் நம் சமூகத்தையும் ஆராய்ந்த கூடத்துக்கே போய், நானும் படிக்கிறேன் என்று நின்றார். 2022ஆம் ஆண்டு விதி பரோடாவில் 1913இல் இருந்திருந்தால் அந்தக் கட்டுரைகள் எதற்கும் காசு கிடைத்திருக்காது.

1729இல் அன்பளிப்பாகக் கொண்டுவரப்பட்ட ஒருவர் ஹாலேயில் தன் மக்களின் உரிமையைத் தலைப்பாக்கினார். ஏறக்குறைய 300 ஆண்டு கழித்து நம்மிடம், உன் மக்களைத் தவிர எதை வேண்டுமானாலும் படி என்கிறார்கள். கிடைக்கும் இடத்துக்கும் உறுதி இல்லை. 2025இல் 106 பேரைத் தேர்வு செய்துவிட்டு, முதலில் 40 பேருக்குத்தான் தற்காலிக ஒப்புதல் கடிதம் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு நிதி வந்தால் தரப்படும் என்றார்கள். சேர்க்கைக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிதிக்காகக் காத்திருப்பது எப்படி இருக்கும் என்று நம் வீடுகளில் சொல்ல வேண்டியதில்லை.

அப்படியானால் ஜெர்மனி வேண்டாம் என்கிறேனா? இல்லவே இல்லை. போங்கள். தெரிந்துகொண்டு போங்கள்.

ஹாலே இன்று மார்ட்டின் லூதர் பல்கலைக்கழகம் என்று அழைக்கப்படுகிறது. 1502இல் தொடங்கிய விட்டன்பர்க் பல்கலைக்கழகம் 1817இல் இதனோடு இணைந்தது. லூதர் பெயர் 1933இல் வைக்கப்பட்டது. யூத ஆசிரியர்களை ஜெர்மன் பல்கலைக்கழகங்களிலிருந்து சட்டம் போட்டு வெளியேற்றிய ஆண்டும் அதுதான். கணிதத்தில் கணக் கோட்பாட்டை உண்டாக்கிய கேயார்க் கான்டர் 1869 முதல் இங்கேதான் பணிபுரிந்தார். ஜெர்மனியின் தேசிய அறிவியல் கழகமான லியோபோல்டினா இந்த ஊரில்தான் இருக்கிறது. சமூகவியல், மானுடவியல் படிப்பவர்களுக்கு ஒரு செய்தி: 1999இல் தொடங்கப்பட்ட மேக்ஸ் பிளாங்க் சமூக மானுடவியல் நிறுவனமும் ஹாலேயில்தான். ஆமோவுக்கு 1965இல் சிலை வைத்தார்கள். 1994 முதல் அவர் பெயரில் பல்கலைக்கழகம் ஒரு பரிசு தருகிறது.

இனி நடைமுறை. ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. பருவத்துக்குச் சில நூறு யூரோ நிர்வாகக் கட்டணம் இருக்கும். சில மாநிலங்களிலும் சில படிப்புகளிலும் வெளிநாட்டு மாணவர்களிடம் கட்டணம் வாங்குகிறார்கள், பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் 'இலவசம்' என்ற சொல்லை நம்பி ஏமாறாதீர்கள். விசாவுக்கு ஓர் ஆண்டுச் செலவை முடக்கக் கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பர் முதல் அது 11,904 யூரோ. நம் பணத்தில் பத்து லட்சத்துக்கும் மேல். மாதாமாதம் உங்கள் செலவுக்குத் திரும்ப வரும் பணம்தான். ஆனால் முதலில் அதை மொத்தமாகக் காட்ட வேண்டும். கட்டணம் இல்லாத கதவுக்கு முன்னால் பத்து லட்சத்துக்கு ஒரு வாசற்படி இருக்கிறது. நிலமுள்ள வீட்டுப் பிள்ளை பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கும். நாம் எதை வைப்பது?

அதனால்தான் உதவித்தொகை விஷயத்தை விடக் கூடாது என்கிறேன். தேசிய உதவித்தொகைக்கு 35 வயதுக்குள் இருக்க வேண்டும். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 8 லட்சத்துக்குள். தகுதித் தேர்வில் 60 விழுக்காடு மதிப்பெண். சேரும் பல்கலைக்கழகம் உலகத் தரவரிசையில் முதல் 500க்குள் வர வேண்டும். ஹாலேயாக இருந்தாலும் வேறு எதுவாக இருந்தாலும், அந்த ஆண்டின் பட்டியலைப் பார்த்த பிறகே விண்ணப்பியுங்கள். ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் தரும் உதவித்தொகைகள் தனி. முனைவர் பட்ட ஆய்வு அங்கே பல துறைகளில் சம்பளத்தோடு கூடிய வேலையாகவே விளம்பரமாகிறது. அந்தச் சம்பளத்துக்கு நம் அமைச்சகத்தின் தலைப்புத் தடை பொருந்தாது. சாதியை ஆராய விரும்புபவர்கள் இந்த வழியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தியச் சான்றிதழ்களைச் சரிபார்க்கும் ஏ.பி.எஸ். சான்று 2022 நவம்பர் முதல் கட்டாயம். அதற்கு நேரம் பிடிக்கும், கடைசி நேரத்தில் ஓடாதீர்கள். இவை எல்லாவற்றையும் நீங்களே இணையத்தில் செய்யலாம். ஏஜென்டுக்கு லட்சம் கொடுக்கத் தேவையில்லை. மொழியை இன்றே தொடங்குங்கள். இளங்கலை பெரும்பாலும் ஜெர்மன் மொழியில்தான். ஆங்கிலத்தில் நடக்கும் முதுகலைக்குப் போனாலும், கடையில் பேச, வீடு தேட, உரிமை கேட்க அந்த ஊர் மொழி வேண்டும்.

புதுச்சேரிப் பிள்ளைகளுக்கு ஒரு தனி எச்சரிக்கை. நம் பட்டியல் சாதி ஆணை 1964ஆம் ஆண்டு மார்ச்சில் வந்தது. அந்தத் தேதிக்கு முன்பிருந்தே இங்கே குடியிருந்த குடும்பமா, பிறகு வந்த குடும்பமா என்று கேட்டு, பூர்வீகம், குடிபெயர்ந்தோர் என்று சான்றிதழை இரண்டாகப் பிரிக்கிறார்கள். பாகூரில் ஒரு தெரு புதுச்சேரி, அடுத்த தெரு கடலூர் மாவட்டம். அப்பா இந்தப் பக்கம், அம்மா அந்தப் பக்கம் என்று இருக்கும் வீடுகள் நிறைய. தாத்தா காலத்துப் பத்திரம், பள்ளிச் சான்று, வாக்காளர் பட்டியல் நகல் எல்லாவற்றையும் இப்போதே சேர்த்து வையுங்கள். வாய்ப்பு வரும் நாளில் தாலுகா அலுவலகத்தில் நிற்காதீர்கள்.

எல்லாவற்றையும்விட, போகும்போது ஒரு கேள்வியைக் கொண்டுபோங்கள். நம் மண்ணில் கேள்விகளுக்குப் பஞ்சமில்லை. ஆங்கிலேயர் ஆண்ட பகுதியில் பஞ்சமி நிலம் என்று ஒன்று கொடுத்தார்கள். பிரெஞ்சுக்காரர் ஆண்ட நம் பகுதியில் சேரி மக்களுக்கு நிலம் என்ற வகையில் என்ன நடந்தது? அந்தக் காலத்து ஆவணங்கள் பிரெஞ்சில் இருக்கின்றன. நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அவற்றைப் படித்திருக்கிறார்கள்? 19ஆம் நூற்றாண்டில் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் ரீயூனியன், குவாதலூப், மார்த்தினிக் தீவுகளுக்குக் கூலிகளாகக் கப்பலேறியவர்கள் யார் வீட்டார்? 2006இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தபிறகு ஆண்டுக்கணக்கில் தேர்தலே நடத்தாமல் அதிகாரிகளை வைத்துக் கொம்யூன் பஞ்சாயத்துகளை ஓட்டினார்களே, நமக்கான தனித்தொகுதிகளின் கதி என்ன ஆனது? இவை ஒவ்வொன்றும் ஒரு முனைவர் பட்டத்துக்குத் தகுந்த கேள்வி. இவற்றை வெளியூர்க்காரர் வந்து எழுதட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நாம் தகவல் சொல்லும் ஆட்களாகவே இருந்து, அவர்கள் நூலின் நன்றியுரையில் பெயரில்லாமல் போவது போதும்.

சொந்த மக்களைப் பற்றி எழுதினால் புறவயம் கெட்டுவிடும் என்று யாராவது உங்களிடம் சொன்னால், 1729ஐ நினைவுபடுத்துங்கள். ஆதாரத்தைச் சேருங்கள். எதிர்ப்பவர் கேட்கக்கூடிய எல்லாக் கேள்விகளையும் முன்கூட்டியே நீங்களே கேட்டுப் பாருங்கள். பிறகு சபை நடுவே நின்று பதில் சொல்லுங்கள். ஆய்வு என்றால் அதுதான். அதற்குச் சாதிச் சான்றிதழோ தோலின் நிறமோ தடை இல்லை என்று ஆமோ காட்டிவிட்டார்.

உதவித்தொகை விதியிலிருந்து அந்த ஒரு வரியை நீக்கச் சொல்லிக் கையெழுத்து இயக்கம் ஒன்றை எங்கள் படிப்பு மைய மாணவர்கள் தொடங்குகிறார்கள். உங்கள் கல்லூரியிலும் தொடங்குங்கள். மனுவில் அந்த விதியை அப்படியே எழுதி, அதன் கீழே, நீங்கள் ஆராய விரும்பும் தலைப்பை ஆளுக்கு ஒன்றாக எழுதுங்கள். எத்தனை ஆய்வுகளை அந்த ஒரு வரி தடுத்து நிறுத்துகிறது என்று அமைச்சகம் எண்ணிப் பார்க்கட்டும். என் பெயருக்கு நேரே 'பாகூர் கொம்யூனில் சுடுகாட்டுப் பாதைகள்' என்று எழுதியிருக்கிறேன்.

ஜெய்பீம்.